தாளின் வலது மூலை

யாராவது பாட வந்து நின்றால், பியானோவில் இருக்கும் அவர் முதலில் பாடச் சொல்லமாட்டார். பேசச் சொல்வார்.

"ஏதாச்சும் பேசுங்க. சாப்பிட்டீங்களா, எந்த ஊரு, எதுல வந்தீங்க, எதுன்னாலும் பரவாயில்ல."

வந்தவர் இரண்டு வசனம் பேசி முடிப்பதற்குள் அவருடைய கை பியானோவில் ஓரிடத்தில் போய் உட்கார்ந்துவிடும். அந்தக் குரல் எதுவரை எட்டும், எங்கே போய் முட்டிக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். நான் அவரோடு மூன்று வருடம் பாடினேன். ஒரு தடவைகூட அவருடைய கணிப்புத் தப்பியதை நான் பார்க்கவில்லை.

கண்டி வாவிக்கரையில் இருந்த ஒரு ஹோட்டலில், சனி ஞாயிறு பின்னேரத் தேநீர் நேரத்துக்குப் பியானோ வாசித்தவர் அவர். பெயரை எழுதப்போவதில்லை. எழுதும் உரிமை எனக்கு இல்லை என்று நினைக்கிறேன். ஹோட்டலில் எல்லோரும் 'மிஸ்' என்றார்கள், நானும் அப்படியே. நெட்டையான, மெலிந்த பெண். அப்போது முப்பது வயது இருக்கும். வாசிக்க உட்காருமுன் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுவார். "மணி பாத்துக்கிட்டு வாசிச்சா பாட்டு ஓட ஆரம்பிச்சிரும்" என்பார்.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த பேங்க் கிளாக்கர். இருபத்துநாலு வயது. நல்ல குரல், நல்ல குரல் என்று ஊரில் எல்லோருமாகச் சொல்லி என்னைக் கெடுத்து வைத்திருந்தார்கள். தேவாரம் பாடிப் பழகிய தொண்டையை ரேடியோ ஆங்கிலப் பாட்டுக்குத் திருப்பிவிட்டிருந்தது. தலைக்கு எண்ணெய் வைப்பதை நிறுத்தி கிரீம் பூசத் தொடங்கியிருந்தேன். மற்றதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அந்த நாட்களில் ஓர் ஆங்கிலப் பாட்டு பிரபலமானால், இசைத்தட்டாக வருவதுபோல் தாளாகவும் வரும். நாலு பக்கம், நடுவில் ஒரு மடிப்பு. அட்டையில் பாடியவர் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பார். உள்ளே பியானோவின் இரண்டு கைக்கும் இரண்டு வரிசைக் கோடுகள், அவற்றுக்கு மேலே பாட்டின் வரிகள். ஜாஸ் பாட்டென்றால் பாதிதான் அச்சில் இருக்கும், மீதி வாசிப்பவரின் சாமர்த்தியம். அப்படிப்பட்ட தாள்கள் மிஸ்ஸிடம் ஒரு தகரப் பெட்டி நிறைய இருந்தன. பியானோதான் இல்லை.

அவருடைய அம்மா ஹுன்னஸ்கிரியப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் துரை பங்களாவில் ஆயாவாக இருந்தவர். பொழுதுபோகாத துரைசாணி, ஆயாவின் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பியானோ பழக்கியிருக்கிறார். சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்களில் அவர்கள் சீமைக்குக் கப்பலேறினார்கள். பியானோவை இன்னொரு துரை எடுத்துக்கொண்டார். தாள்களை யாரும் கேட்கவில்லை.

"பியானோவத் தூக்க எட்டுப் பேரு வந்தாங்க தம்பி. பொட்டிய நானும் அம்மாவும் மாறி மாறித் தலையில வச்சு இறக்கிட்டோம்" என்று சிரித்தபடிதான் சொல்வார்.

கிழமை நாட்களில் ஒரு தையற்கடையில் சட்டைகளுக்குப் பொத்தான் துளை தைத்தார். சனியும் ஞாயிறும் மட்டுமே ஒரு பியானோவைத் தொட முடியும். வேலை நாலு மணிக்கு. அவர் மூன்றுக்கே வந்து, ஆளில்லாத மண்டபத்தில் தனக்காக ஒரு மணித்தியாலம் வாசிப்பார். அந்த ஹோட்டலை விட்டால் அவருக்கு வேறு பியானோ கிடையாது. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே செய்தேன் என்பதற்காகத்தான் இதை இங்கேயே எழுதி வைக்கிறேன்.

யாருக்கு எது எட்டவில்லை என்பதுதான் அவர் கண்ணில் முதலில் படும். ஹோட்டலின் பின்வாசலில் வேலைக்காரர்கள் குடை மாட்டும் கொக்கிகள் வெள்ளைக்காரன் உயரத்துக்கு அடிக்கப்பட்டிருந்தன. கூட்டித் துடைக்கும் அம்மா ஒருவர் தினமும் எட்டி எட்டிக் குதித்துக் குடையை மாட்டுவார். அதைப் பார்த்து நாங்கள் சிரிப்போம். ஒரு சனிக்கிழமை மிஸ் தையற்கடையிலிருந்து ஒரு சுத்தியலைக் கொண்டுவந்து, இரண்டு கொக்கிகளைப் பிடுங்கி ஒரு முழம் கீழே அடித்துவிட்டார். மனேஜர் வந்து, யாரைக் கேட்டுச் செய்தாய் என்று குதித்தார்.

"அந்தம்மா குதிக்கிறதத்தான் கேட்டேன் சேர்" என்றார் மிஸ், ஆங்கிலத்தில், மிகுந்த பணிவோடு.

பாட்டிலும் இதே வேலைதான். ஹோட்டல் சமையற்காரர் ஒரு சிங்களவர். பானையைப்போல் உடம்பு, பானைக்குள்ளிருந்து வருவதுபோல் குரல். டிசம்பரில் வரும் நத்தார் விருந்தில் ஒரு பாட்டுப் பாட அவருக்கு ஆசை. மிஸ் அவரை வெங்காயத்தின் விலையைப் பற்றிப் பேசவிட்டுக் கேட்டார். அடுத்த கிழமை, அவருக்கென்றே சுருதியை இறக்கி முழுப் பாட்டையும் கையால் எழுதிக் கொண்டுவந்தார். சமையற்காரருக்கு அந்தக் குறிகளில் ஒன்றுகூட வாசிக்கத் தெரியாது. ஆனாலும் அந்தத் தாளைக் கண்ணாடி போட்டு அடுக்களையில் மாட்டிவைத்தார். நத்தாரன்று அவர் பாடியபோது, ஒரு வெள்ளைக்காரக் கிழவி எழுந்துவந்து அவருடைய மாவு படிந்த கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

தாளுக்கு அவரே கோடு போடுவார். இடைவிட்டு ஐந்து பல்லை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் உடைத்த ஒரு மரச் சீப்பு. அதை மையில் தொட்டு, அடிமட்டத்தை ஒட்டி ஒரே இழுப்பு இழுத்தால் ஐந்து கோடும் விழும். எழுதி முடித்ததும் வலது மூலையில் யாருக்கு என்பதைத் தமிழில் சின்னதாக எழுதுவார். 'குசினி ஐயாவுக்கு.' 'மூணாம் நம்பர் அறை அம்மாவுக்கு.' பாட்டின் பெயரைக்கூடச் சில நேரம் எழுத மறப்பார், இதை மறக்கமாட்டார். தேதி போடும் பழக்கம் கிடையாது.

என் தாளில் 'பேங்க் தம்பிக்கு' என்று இருந்தது.

அது நிலவைப் பற்றிய ஒரு பாட்டு. மூன்றாவது வரியில் குரல் திடீரென்று மேலே பாயவேண்டும். முதல்நாள் என்னையும் பேசச் சொன்னார். எனக்கு அது அவமானமாகப் பட்டது. "பேசுறதுக்கு வரேல்லை மிஸ், பாட வந்தனான்" என்றேன். அந்த ஒரு வசனமே அவருக்குப் போதுமாயிருந்தது. சுருதியைக் கீழே பிடித்தார்.

"அச்சிலை இருக்கிறபடி வாசியுங்கோ" என்றேன்.

அச்சில் இருந்தபடியே வாசித்தார். மூன்றாவது வரியில் என் குரல் உடைந்து, கழுத்தை நெரித்த சேவல்போல் ஒரு சத்தம் வந்தது. தேநீர் குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் கோப்பையை வாயருகில் வைத்தபடி என்னைப் பார்த்தார்கள். மிஸ் மட்டும் பார்க்கவில்லை. அடுத்த வரியில் எப்படியோ ஒன்றரைக் கட்டை கீழே வழுக்கி இறங்கி, பாட்டே அப்படித்தான் என்பதுபோல் என்னைக் கரைசேர்த்தார்.

அடுத்த சனிக்கிழமை எனக்கென்று எழுதிய தாள் காத்திருந்தது. அச்சுத்தாளின் தலையில், எந்தச் சுருதி என்று காட்டும் ஃப்ளாட் குறிகள் ஐந்து இருந்தன. அவை கூடினால் வாசிப்பவர் கைக்குக் கஷ்டம். இறக்கி எழுதிய இந்தத் தாளில் இரண்டுதான்.

"இதில கொறச்சல் ஒண்ணுமில்ல தம்பி. அந்தக் காகிதம் யாருக்கோ அச்சடிச்சது. பாடப்போறது நீங்கதானே?"

அன்றைக்குப் பாடியபோது மண்டபமே கைதட்டியது. மூன்று வருடம் தட்டியது. ஐம்பது அறுபது பாட்டுகள் எனக்காக எழுதினார். கொஞ்சக் காலத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். அவர் இறக்கித் தந்த உயரத்தையே என் சொந்த உயரமென்று நம்பத் தொடங்கினேன். யாராவது பாராட்டினால் "தாங்க்யூ" என்பேன். பியானோப் பக்கம் கையைக்கூடக் காட்டியதில்லை.

பிறகு ஹோட்டலுக்குப் புது மனேஜர் வந்தார். எதையும் விரலால் தொட்டுத் தூசி பார்க்கிற மனிதர். அவர் வந்த நாலாவது மாதம், கொழும்பிலிருந்து ஓர் இசைக்குழுத் தலைவர் குடும்பத்தோடு தங்க வந்தார். ரேடியோவில் வாசிக்கும் குழு. ஞாயிறு பின்னேரம் நான் அந்த நிலவுப் பாட்டைப் பாடி முடித்ததும், எழுந்து நேரே பியானோவடிக்கு வந்தார். மனேஜர் பின்னாலேயே வந்தார்.

அங்கே நடந்த பேச்சு முழுக்க ஆங்கிலத்தில். மிஸ்ஸுக்கு ஆங்கிலம் எங்களை விட நன்றாகத் தெரியும்.

"நல்ல குரல். கொழும்புக்கு வந்து என் குழுவோடு பாடு" என்றார் குழுத் தலைவர். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பிறகு அவர் மிஸ்ஸின் தாளுக்குப் பின்னால் இருந்த அச்சுத்தாளை உருவிப் பார்த்தார். "ஏன் இவ்வளவு கீழே பாடுகிறாய்? என் ஆட்கள் அச்சில் உள்ளபடிதான் வாசிப்பார்கள். இந்தச் சுருதி உனக்கு எட்டாதா?"

எட்டாது என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல். அதற்குப் பதிலாக நான் சொன்னது இதுதான்:

"எனக்கு எட்டும் சேர். மிஸ்ஸுக்குத்தான் ஐந்து ஃப்ளாட் வந்தால் கை ஓடாது. அதனால் இரண்டாகக் குறைத்து எழுதிக்கொள்கிறார். அவருக்காக நான் இறங்கிப் பாடுகிறேன்."

சொல்லும்போது குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

மனேஜர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குறிகளை விரலால் தொட்டு எண்ணினார். ஐந்து. இரண்டு. "அச்சில் இருப்பதை வாசிக்கத் தெரியாத ஒருவரையா வைத்திருக்கிறோம்?" என்றார். அவர் விரல் தாளின் மேலே ஊர்ந்து வலது மூலைக்கு வந்தது. அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. என்னைக் கேட்டார்.

"இது என்ன எழுதியிருக்கிறது?"

'பேங்க் தம்பிக்கு.' முத்து முத்தான எழுத்து. அதை மொழிபெயர்த்துச் சொன்னால், இந்தத் தாள் யாருடைய குறைக்காக எழுதப்பட்டது என்பது அந்த இடத்திலேயே வெளியாகிவிடும்.

"தேதி" என்றேன்.

மனேஜர் மிஸ்ஸின் பக்கம் திரும்பினார். "அப்படியா?"

மிஸ் என்னைப் பார்த்தார். கோபமில்லை. புதிதாகப் பாட வந்த ஒருவர் பேசும்போது எப்படிக் கேட்பாரோ, அப்படி ஒரு பார்வை. பிறகு "ஆமாம் சேர். தேதிதான்" என்றார்.

"சரி, இப்போது அச்சில் உள்ளபடி வாசித்துக்காட்டு. அவர் பாடட்டும்" என்றார் குழுத் தலைவர்.

மிஸ்ஸின் இரண்டு கைகளும் கட்டைகளுக்குப் போயின. போய்ச் சரியான இடத்தில்தான் நின்றன. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், எனக்குத் தெரியும். அவர் வாசித்திருந்தால் வேலை போயிருக்காது. ஆனால் அவர் வாசித்தால் நான் பாடவேண்டும். மூன்றாவது வரி வரும். அவர் நிமிர்ந்து ஒரு தடவை என் தொண்டையைப் பார்த்தார். கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்கு வராது சேர்" என்றார்.

பைக்குள்ளிருந்து கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டு, பியானோ மூடியைச் சத்தமில்லாமல் இறக்கிவிட்டுப் போனார். தாள்களை எடுத்துப்போகவில்லை. என்னுடையதை நான் எடுத்துக்கொண்டேன். யாருக்காவது தமிழ் தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் அன்றைக்கே வலது மூலையைக் கிழித்தெறிந்தேன். என்னிடம் இன்றும் இருப்பது மூலையில்லாத தாள்.

அடுத்த சனிக்கிழமை பியானோ மூடியின் மேல் ஒரு ரெக்கோட் பிளேயர் உட்கார்ந்திருந்தது. பின்வாசலில் குடைக் கொக்கிகள் பழைய உயரத்துக்கே போயிருந்தன. சமையற்காரர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அவருக்கு யார் சொன்னார்கள் என்று தெரியாது. தேநீர் மட்டும் தருவார், ஆறிப்போன தேநீர்.

கொழும்புக்குப் போனேன். குழு அச்சில் உள்ளபடி வாசித்தது. மூன்றாவது வரியில் என் குரல் உடைந்தது. திரும்பப் பாடச் சொன்னார்கள், திரும்பவும் உடைந்தது. "தொண்டைக்கு ஓய்வு கொடு, பிறகு சொல்லி அனுப்புகிறோம்" என்றார் தலைவர். சொல்லி அனுப்பவில்லை. அவர் கெட்டிக்காரர். ஹோட்டலில் என்ன நடந்தது என்பது அந்த நிமிடமே அவருக்கு விளங்கியிருக்கும். அதை மனேஜருக்கு எழுதிப்போடும் அளவுக்கு அவருக்கு அக்கறை இல்லை. எனக்கோ துணிவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு பின்னேரம் மிஸ் குடியிருந்த மஹய்யாவவுக்குப் போனேன், மன்னிப்புக் கேட்பதென்று. வரிசை வீடுகளில் நாலாவது வீடு. சன்னல் திறந்திருந்தது. அம்மா கீழே உட்கார்ந்து உள்ளி உரித்துக்கொண்டிருந்தார். மிஸ் சாப்பாட்டு மேசைக்கு முன்னால் இருந்தார். மேசையின் விளிம்பு முழுக்கச் சோக்கட்டியால் கட்டைகள் வரையப்பட்டிருந்தன. வெள்ளைக் கட்டை கோடாக, கறுப்புக் கட்டை நிரப்பித் தேய்த்ததாக. ஒரு தாளை அரிசிப் போத்தலில் சாய்த்துவைத்து, இரண்டு கையாலும் வாசித்துக்கொண்டிருந்தார். பலகையில் நகம் படும் சத்தம் மட்டும் கேட்டது. மணி நாலரை இருக்கும். ஹோட்டலில் தேநீர் நேரம்.

"அங்க யாரும்மா பாடுறது இப்ப?" என்று அம்மா கேட்டார்.

"பாட்டுப் பொட்டி வச்சிருக்காங்களாம்."

"அந்தத் தம்பி?"

"அவரு கொழும்புல பெரிய எடத்துல பாடுறாரு" என்றார் மிஸ். கை நிற்கவில்லை.

பைப்படியில் வாளியோடு நின்ற ஒரு பெண் "யாருங்க வேணும்?" என்று கேட்டாள். "ஒருத்தருமில்லை, வழி மாறி வந்திட்டன்" என்று சொல்லித் திரும்பினேன். அதுவும் பொய். பழகிவிட்டது.

பிறகு அவர் கலகெதரவில் தம்பி வீட்டோடு போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். கண்டியிலிருந்து பஸ்ஸில் ஒரு மணித்தியாலம்கூட ஆகாது. நான் கல்யாணம் செய்தேன், பதுளைக்கும் வவுனியாவுக்கும் மாற்றலாகிப் போனேன், திரும்பிக் கண்டிக்கே வந்தேன். குருநாகல் பஸ்ஸில் கலகெதரவைக் கடந்து எத்தனையோ தடவை போயிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் பேப்பரை விரித்துவைத்துக்கொள்வேன். பாடுவதை விட்டுவிட்டேன். தொண்டை சரியில்லை என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன், அவளும் நம்பினாள்.

நான் ஓய்வுபெற்ற வருடம், ஒருநாள் காலையில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு நீளமான கடித உறை.

"கலகெதரயிலேர்ந்து வர்றேங்க. அத்தை குடுத்துட்டு வரச் சொன்னாங்க." எந்த அத்தை என்று நான் கேட்கவேண்டியிருக்கவில்லை.

கதிரையைக் காட்டித் தண்ணீர் கொடுத்தேன். உறையைப் பிரித்தேன். அதே நிலவுப் பாட்டு. சீப்பால் இழுத்த கோடுகள் அங்கங்கே நடுங்கியிருந்தன. தலையில் எண்ணினேன். ஆறு ஃப்ளாட். ஐந்துக்குக் கை ஓடாது என்று நான் சொன்ன மனுஷி, எனக்காக ஆறில் எழுதியிருந்தார். பழைய தாளிலிருந்து இன்னும் இரண்டு கட்டை இறக்கி.

"இதை ஏன் இப்ப?" என்றேன்.

"போன வருஷம் அத்தை எங்கப்பா பென்ஷன் கடுதாசி விஷயமா பேங்குக்கு வந்தாங்களாம். நீங்க கவுன்டர்ல யாருகூடயோ பேசிக்கிட்டு இருந்தீங்களாம். கேட்டுட்டு வந்துட்டாங்க. கொரலு ரொம்ப எறங்கிருச்சு, பழைய காகிதம் இனி அவருக்கு ஒதவாதுன்னு சொன்னாங்க. கை நடுக்கத்தோட எழுதி முடிக்க இவ்வளவு நாளாச்சு."

அன்றைக்கு நான் கவுன்டரில் யாரோடு பேசிக்கொண்டிருந்தேன்? தெரியாது. படிவத்தைப் பிழையாக நிரப்பிய யாரையாவது ஏசிக்கொண்டிருந்திருப்பேன். என் வழக்கம் அதுதான். அதைக் கேட்டுக்கொண்டு அவர் வரிசையில் நின்றிருக்கிறார்.

"என்னை வரச் சொன்னவவா?"

"இல்லீங்க. ஒண்ணும் சொல்லல. குடுத்துட்டு வான்னாங்க, அவ்வளவுதான்."

பார்க்கப் பயந்துகொண்டே கடைசியில் வலது மூலையைப் பார்த்தேன். 'பேங்க் தம்பிக்கு' என்று இருந்தது. அதன் கீழே, அவர் எந்தத் தாளிலும் எழுதாத ஒன்று, தேதி.

அந்தப் பெண் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தாள். "ஏதாச்சும் சொல்லணுமுங்களா? என்ன பேசினாருன்னு அத்தை கேப்பாங்க."

"பிள்ளை, உன்ரை அத்தையிட்டை ஒண்டு சொல்ல வேணும். அண்டைக்கு அந்த மூலையிலை இருந்தது தேதி இல்லை. என்ரை பேர்."

அவள் விளங்காமல் பார்த்தாள். "அது அத்தைக்குத் தெரியாதுங்களா?"

"தெரியும். நான் சொன்னனெண்டு சொல்லு."

அவள் தலையாட்டிவிட்டுப் படியிறங்கினாள். அந்த வசனத்தைச் சொல்ல எனக்கு முப்பது வருடத்துக்கும் மேல் எடுத்தது. அதையும் நேரில் போய்ச் சொல்லவில்லை.